எந்தப் பிரசங்கம் அவனைத் திருப்பியது?

இன்றைக்கு ஒரு துப்பாக்கிக்காரனைப் பற்றிச் சொல்கிறேன்.

‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ என்று ஒரு அமெரிக்கப் படம். 1916-இல் வந்த ஊமைப் படம். வில்லியம் எஸ். ஹார்ட் நடித்தது. ‘பென்ஹர்’ உங்களுக்குத் தெரியுமே, அது 1899-இல் நியூயார்க்கில் நாடகமாக நடந்தபோது மெசாலாவாக வந்தவர் இவர்தான். படத்தில் அவர் பெயர் பிளேஸ் டிரேசி. இடுப்பில் துப்பாக்கி, முகத்தில் சிரிப்பே கிடையாது. ஊரே நடுங்கும்.

அந்த ஊருக்கு ராபர்ட் என்று ஒரு இளம் போதகர் வருகிறார். கூடவே அவருடைய சகோதரி ஃபெய்த். மதுக்கடை வைத்திருக்கிற சில்க் மில்லருக்குப் பயம். சபை வந்தால் வியாபாரம் போய்விடுமே! போதகரை விரட்ட பிளேஸைத் துணைக்குக் கூப்பிடுகிறான். பிளேஸும் விரட்டத்தான் வருகிறான். வந்தவன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான், அசந்து நின்றுவிடுகிறான்.

எந்தப் பிரசங்கம் அவனைத் திருப்பியது? சொல்லுங்கள். போதகர் இன்னும் வாயே திறக்கவில்லை, ஐயா! தமஸ்கு வழியில் சவுலுக்கு யார் பிரசங்கம் பண்ணினார்கள்? சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன் எத்தனை வாரம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போனான்? ஃபெய்த் பயப்படாமல் நின்றாள், பிளேஸ் பார்த்தான். அப்புறம் வேதத்தை எடுத்துப் படிக்கிறான். பக்கத்தில் விஸ்கி பாட்டில், வாயில் சிகரெட். சில அம்மாமார் முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. வேதம் உள்ளே போகட்டும் அம்மா, பாட்டில் தானாக வெளியே போகும்.

இப்போது ராபர்ட்டைப் பாருங்கள். அவருக்கு ஊழியத்தில் வாஞ்சை இல்லை. தாயாருக்குத்தான் ஆசை. பிள்ளையை ஊழியத்துக்கு நேர்ந்துகொண்ட பெற்றோரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன், கவனியுங்கள். அன்னாள் சாமுவேலைக் கொண்டுவந்து விட்டாள், சரி. ஆனால் ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்? அன்னாளா? ஏலியா? அந்தச் சத்தம் வராத பிள்ளைக்கு வெள்ளை அங்கி மாட்டி அனுப்பாதீர்கள். ராபர்ட்டின் பலவீனம் மூப்பர்களுக்குத் தெரியும். தெரிந்தே தூர தேசத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மில்லர், டாலி என்ற பெண்ணைக் கொண்டு அவரைக் குடிக்க வைத்து வீழ்த்திவிடுகிறான். கடைசியில் பிளேஸ் ஊரில் இல்லாத நேரத்தில், வெறிகொண்ட கூட்டத்தோடு சேர்ந்து போய், தன் சபைக்கே தீ வைக்கிறார். போதகரே வைக்கிறார்! அங்கேயே சாகவும் சாகிறார்.

மறுபடியும் கேட்கிறேன், எந்தப் பிரசங்கம் பிளேஸைத் திருப்பியது? பிரசங்கம் பண்ண வந்தவர் கையில் தீவட்டி. விரட்ட வந்தவன் கையில் வேதம்.

திரும்பி வந்த பிளேஸ் மில்லரைச் சுடுகிறான். மதுக்கடையைக் கொளுத்துகிறான். ஊரே எரிகிறது. திரையில் அது பெரிய காட்சி. புகைக்கு நடுவே அவன் நடந்து வருகிறதை இன்றைக்கும் புகழ்கிறார்கள். 1994-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அந்தப் படத்தைச் சேர்த்தார்கள். ஆனால் என்னால் அதற்கு ஆமென் சொல்ல முடியவில்லை. சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்களே, ஆண்டவர் என்ன செய்தார்? திரும்பி அதட்டினார். கூடவே நடந்த சீஷருக்கே அந்தப் புத்தி இருந்தது. பிளேஸ் நேற்று வந்தவன். அவனிடம் அன்பு வேலையைத் தொடங்கியிருக்கிறது, முடிக்கவில்லை. கை இன்னும் பழைய கைதான்.

அவன் ஃபெய்த்தோடு மலை தாண்டிப் போகிறான், புது வாழ்வு. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ராபர்ட்டை விட மனமில்லை. அந்தப் பிள்ளைக்காக முழங்காலில் நின்றது யார்? மூப்பர்களா? போதகர் தடுமாறினால் டீக்கடையில் பேசுகிறோம், போனில் பேசுகிறோம். அவருக்காக ஜெபித்தோமா? எழுந்திருங்கள். சின்னப் பிள்ளைகளும் எழுந்திருங்கள். உங்கள் போதகர் பெயரைச் சொல்லி, சத்தமாக, இப்போதே ஜெபம் பண்ணுங்கள்.