இலை ஓரத்து மிளகு

நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து பிரித்துத் தரும் வடை கல் மாதிரி இருக்கும். உளுந்தும் மிளகும் உப்பும்தான், வெங்காயம் கிடையாது. தட்டையாகத் தட்டி, மாலை கோக்க நடுவில் துளை போட்டு, ஈரம் போகும்வரை எண்ணெயில் விட்டு எடுப்பதால் நாலைந்து நாள் கெடாது. கடித்தால் மிளகு பல்லில் அகப்பட்டுச் சுள்ளென்று ஏறும். கூரையில்லாமல், வெயிலும் மழையும் நேராக மேலே விழும்படி நிற்கிற 18 அடி அனுமாரின் மார்பில் கிடந்த வடை அது. சாதாரண நாளில் 1,008 வடை கோத்த மாலை. மார்கழியில் அனுமன் ஜெயந்தி வந்தால் 1,00,008.

அந்த வடையைக் கையில் வாங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். வலது கைக்கு அடியில் இடது கையை ஏந்தி வாங்குகிறார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். உடைத்து, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவருக்கும் ஒரு விள்ளல் நீட்டுகிறார்கள். உதிர்ந்த துணுக்கு யார் காலிலும் படுவதற்குள் குனிந்து எடுத்துவிடுகிறார்கள். மிளகைக் கிள்ளி எறிகிறவர் ஒருவரும் இல்லை.

அரை மணி நேரம் கழித்து அதே குடும்பம் ஒரு மெஸ்ஸில் இலை முன் உட்காரும். பொங்கல் வந்ததும் அப்பா மிளகை ஒன்றொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைப்பார். பையன் கறிவேப்பிலையை ஒதுக்குவான். அம்மா முந்திரியைத் தேடி எடுத்து மகள் இலைக்கு மாற்றுவார். மிளகு அதே மிளகு, நாக்கும் அதே நாக்கு. கோயிலில் இல்லாத விருப்பு வெறுப்பு கடையில் எங்கிருந்து வந்தது? சாப்பிடுவது என்பது வாங்கிக்கொள்வதா, எடுத்துக்கொள்வதா என்ற பழைய கேள்வி இந்த மிளகுக்குள்தான் இருக்கிறது.

எந்தக் கல்யாணப் பந்தியிலும் பத்து இலைக்குப் பத்து விதம் உண்டு. ஒருவர் அப்பளம் விழுந்த உடனே நொறுக்கிச் சாம்பார்ச் சோற்றோடு பிசைந்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் அது நமுத்தாலும் பரவாயில்லை என்று மோர்ச் சோறு வரும்வரை காப்பாற்றுவார். ரசத்துக்குச் சோற்றில் குளம் வெட்டி, கரை உடையாமல் ஓரத்திலிருந்து பிசைந்து வருகிறவர் உண்டு. பொரியலும் கூட்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாதென்று விரலால் எல்லை போடுகிறவர் உண்டு. பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி அதில் வாழைப்பழத்தைப் பிசைகிறவரும் உண்டு.

களி தின்பதற்கென்றே ஒரு கை வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் களி உருண்டையின் நடுவில் குழி செய்து, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றுவார்கள். ஓரத்திலிருந்து கிள்ளி, விரலுக்குள் உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது, மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். வெளியூர் மருமகன் மென்று மென்று தவிப்பதைப் பார்த்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முழுங்கிக் காட்டுவார். ‘‘அப்படியே முழுங்குங்க மாப்ளே, அது தானா போயிக்கும்’’ என்பார். களிக்குப் பழகிய கை, கேழ்வரகு விளைந்த மானாவாரி மண்ணின் வரலாற்றைச் சுமக்கிற கை.

இப்படி ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும் பழக்கத்தில் அறம் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் 100 வெண்பாவில் செய்த நூல், இலைக்கு முன் உட்கார்ந்தவனை விட்டு லேசில் நகராது. கிழக்கே பார்த்து உட்கார், ஆடாதே, பேசாதே, வேறெங்கும் பார்க்காதே, சோற்றைத் தொழுது சிந்தாமல் உண் என்கிறது. நின்றுகொண்டோ படுத்துக்கொண்டோ கட்டில் மேலேயோ உண்ணக் கூடாது. இனிப்பானது முதலில், கசப்பானது கடைசியில், மற்றதெல்லாம் நடுவில். பந்தியில் முதல் பரிமாறலாக இனிப்பு விழுவதைப் பார்க்கும்போது முள்ளியாரின் நினைவு வராமல் இருக்காது. இலையில் எது முதலில் என்று சொன்ன அதே நூல், வீட்டில் யார் முதலில் என்றும் சொல்கிறது: விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளை. இவர்களுக்குக் கொடுத்த பிறகே உனக்கு. முன்னதை மறந்தாலும் குற்றமில்லை, பின்னதைத்தான் மறக்கக் கூடாது.

பௌத்தத் துறவிகளுக்கான விநய விதிகள் இன்னும் நுணுக்கமானவை. அன்றாட ஒழுக்கத்துக்கான 75 சேகிய விதிகளில் 30 சாப்பாட்டைப் பற்றியவை. பாத்திரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கக் கூடாது. குவியலின் உச்சியிலிருந்து அள்ளக் கூடாது. கவளம் வாய்க்கு வருமுன் வாயைத் திறக்கக் கூடாது. உறிஞ்சிச் சத்தம் போடக் கூடாது, விரலை நக்கக் கூடாது. ஒரு விதியைப் படித்தால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது: இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்ற ஆசையில், வாங்கிய குழம்பைச் சோற்றால் மூடி மறைக்கக் கூடாது. உடுத்திய துணியையும் பிச்சைப் பாத்திரத்தையும் தவிர ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பியவர்களில் யாரோ அதைச் செய்திருக்கிறார். அதனால்தான் விதி பிறந்தது. நாட்டையும் வீட்டையும் விட்ட பிறகும் விடாத கடைசிச் சொத்து நாக்கு. முள்ளியார் அந்த நாக்குக்கு ஒரு வரிசை அமைத்துக் கொடுத்தார். புத்தரின் சங்கம் வரிசையே வேண்டாம், விழுந்ததை விழுந்தபடி உண் என்றது.

வைதிக மரபில் இலையைச் சுற்றி நீர் விட்டு, முதல் ஐந்து சிறு கவளங்களைப் பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்ற ஐந்து வாயுக்களுக்கு ஆகுதியாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வயிறு வேள்விக் குண்டம், சோறு அவிசு. அப்படி நினைத்து முதல் கவளத்தை எடுப்பவர், அந்தக் கணத்துக்காவது, உண்பவராக இல்லாமல் படைப்பவராக இருக்கிறார்.

நல்லதைக் கடைசிக்கு வைக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கலாம். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது; முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும். அந்த முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணைகளில் இட்டவை. தட்டில் விழுந்த முட்டையைக் குழந்தை உடனே தின்பதில்லை. சுற்றிச் சுற்றிச் சோற்றைத் தின்று, பிறகு வெள்ளைக் கருவை உரித்துத் தின்று, மஞ்சள் கருவை முழுதாக, உடையாத உருண்டையாக, தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு அது மட்டும் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மஞ்சள் பிடிக்காத குழந்தை அதைப் பக்கத்துத் தட்டுக்கு உருட்டிவிட்டு வெள்ளையை வாங்கிக்கொள்ளும். முட்டை தின்னாத குழந்தை கையில் வாழைப்பழம் இருக்கும். ஆசையைத் தள்ளிப்போடவும் அதைப் பங்கிடவும் ஆறு வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிற இடம் அந்தத் தட்டு.

கிடைத்த நல்லதை முதலிலும் தின்னாமல் கடைசியிலும் தின்னாமல் இருந்த ஒருவன் இந்தப் பக்கத்து மன்னன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் என்று கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். கொடுக்குமுன் அதன் பெருமையை அவன் சொல்லவேயில்லை என்பதுதான் அந்தக் கதையின் உயிர். நாமக்கல் பாறையைக் குடைந்த அதியர் குல மன்னன் பின்னால் வந்தவன். அங்கே ஒரு குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணுகிருஹம் என்றே பெயர்.

வள்ளுவரின் ஊசியைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்காது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு ஊசியும் சிறு பாத்திரத்தில் தண்ணீரும் வைக்கச் சொன்னாராம். ஏன் என்று மனைவி வாசுகி கேட்கவில்லை. உயிர் போகும் நேரத்தில் கேட்டபோது, கீழே பருக்கை விழுந்தால் ஊசியால் குத்தி எடுத்து, தண்ணீரில் அலசி உண்ணத்தான் என்றாராம். ஒரு நாளும் ஊசிக்கு வேலை வரவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வள்ளுவரின் கவனத்தைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அத்தனை வருஷமும் ஒரு பருக்கை சிந்தாமல் பரிமாறிய கை வாசுகியுடையது. அந்தக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாங்கிக்கொள்கிறவரின் ஒழுக்கத்துக்கு எத்தனையோ நூல் உண்டு. கொடுக்கிறவரின் மனசுக்கு மிகக் குறைவு.

அந்த மனசு எவ்வளவு மெல்லியது என்பதற்குக் கணித மேதை ராமானுஜன் வாழ்வில் ஒரு நாள் சாட்சி. நாமக்கல் நரசிம்மர் கோயில் தாயார் நாமகிரிதான் அவர் குடும்பத்துக்குத் தெய்வம். கணக்கில் மூழ்கிக் கிடக்கும்போது எழுதும் கை நிற்கக் கூடாதென்று வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து ஊட்டி வளர்த்த பிள்ளை அவர். 1914இல் கேம்பிரிட்ஜ் போனவர் அங்கே சைவம் விடாமல் தன் கையால் சமைத்துக்கொண்டார். ஒருமுறை ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தான் செய்த சாற்றை ஊற்றினார், குடித்தார்கள். இரண்டாம் முறை ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை நீட்டியபோது பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. விருந்தாளிகள் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. தான் பரிமாறியதை அவர்கள் மறுத்தது பொறுக்கவில்லை என்று பின்னால் சொன்னார். கொங்கு வீடுகளில் ‘‘இன்னும் ஒரு கரண்டி’’ என்று சட்டியோடு நிற்கிற அம்மாவைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வேண்டாம் என்ற சொல் சோற்றை மட்டும் மறுப்பதில்லை.

சாப்பிட்டு முடித்த இலைக்கும் ஒரு கேள்வி உண்டு, அது இன்னும் கனமானது. மோகனூருக்குக் காவிரியின் அக்கரையில், கரூர் மாவட்டத்து நெரூரில் துறவி சதாசிவ பிரம்மேந்திரரின் சமாதியான அதிஷ்டானம் இருக்கிறது. ஆராதனை நாளில் அன்னதானம் முடிந்ததும், உண்ட எச்சில் இலைகளின் மேல் பக்தர்கள் உருண்டு வேண்டுதல் செலுத்துவது அங்கே வழக்கமாக இருந்தது. 2015இல் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி ஒருவர், அது பக்தரின் சமய உரிமை என்று அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. எந்த இலையில் எந்த மகான் உண்டாரோ என்ற பணிவு பக்தரின் பக்கம். மனிதன் இன்னொரு மனிதனின் எச்சிலில் புரள்வது மனித மாண்புக்கு இழுக்கு என்பது மறுபக்கம். அந்தப் பணிவு உண்மையானதுதான். ஆனால் ஒரே பந்தியில் சேர்ந்து உட்காரும் உரிமைக்கே இந்த மண் பெரும்பாடு பட்டிருக்கிறது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாக இலை போட்டது தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. அந்த நினைவு இருக்கிற ஊரில், யார் உண்டு எழுந்தார், யார் உருண்டார் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. இலையில் விழுந்த சோறு யாரையும் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்ததில்லை. பிரித்தது பந்தி போட்டவர்கள்தான்.

ஆடி அமாவாசை அன்று படையல் போடும் வீட்டுக்குப் போனால், போய்ச் சேர்ந்தவர்களின் சாப்பாட்டுப் பழக்கமெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்திருக்கும். அவருக்கு அப்பளம் தனியாக வைக்கணும், குழம்பு சோற்றின் மேல் ஊற்றக் கூடாது, பக்கத்தில் ஊற்றணும், வெல்லம் ஒரு துண்டு வேணும் என்று ஆளாளுக்கு நினைவுபடுத்துவார்கள். பெயர் மறந்துபோன பாட்டிக்குக்கூட முருங்கைக்காய்தான் பிடிக்கும் என்பது மறக்காது. மாமனாருக்கு வெண்பொங்கல் என்றால் உயிர், மிளகு ஆகாது. இலையில் பொங்கலை வைத்த மருமகள் கீழே உட்கார்ந்து மிளகை ஒன்றொன்றாகப் பொறுக்கி, அவர் வைக்கிற மாதிரியே இலை ஓரத்தில் வரிசையாக வைக்கிறார். சூடம் காட்டி முடிந்ததும் ஒரு பிடி சோறும் பொங்கலும் வடையும் மாடிச் சுவருக்குப் போகின்றன. ‘‘கா... கா...’’ என்று கூப்பிட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நிற்கிறார்கள். காக்கை எதை முதலில் எடுக்கும் என்று யாரும் கண் கொட்டுவதில்லை.