பாடையைத் தொட்டவர்

இன்றைய வாசிப்பு: லூக்கா 7:11-17

இயேசு உயிரோடு எழுப்பியதாகச் சுவிசேஷங்கள் பெயரோ ஊரோ சொல்லிக் குறிப்பிடுகிறவர்கள் மூன்று பேர். யவீருவின் மகளுக்காக அவள் தகப்பன் காலில் விழுந்து கெஞ்சினான். லாசருவுக்காக அவன் சகோதரிகள் ஆளனுப்பினார்கள். நாயீன் ஊர் விதவையின் மகனுக்காக மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாய் அவரை நிமிர்ந்து பார்த்ததாகக்கூட லூக்கா எழுதவில்லை. ஊர் வாசலில் பாடை வெளியே வருகிறது, அவர் உள்ளே போகிறார். அவளைக் கண்டார், மனதுருகினார். உனக்கு விசுவாசம் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. ஒரே பிள்ளை, கணவனும் இல்லை என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

வேப்பம்பட்டில் சமீபத்தில் கணவரை இழந்த ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே மனை வாங்கி வீடு கட்டிய குடும்பம். கணவருக்கு அம்பத்தூரில் வேலை. விடியற்காலை மின்சார ரயிலைப் பிடிக்க நாலரைக்கே எழுந்து டிபன் கட்டிக் கொடுத்த பழக்கத்தில் இன்னமும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியர் அடுப்பு மேடையில் அப்படியே இருந்தது. "ஜெபிக்க உட்கார்ந்தா ஒண்ணுமே வர மாட்டேங்கு அண்ணாச்சி. பைபிளைத் திறந்தா வெறும் எழுத்துதான் தெரியுது" என்றார். ஏதோ பாவத்தை அறிக்கை செய்கிறவரைப் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

துக்கத்தில் ஜெபம் வற்றிப்போனவர்கள் நம் சபைகளில் நிறைய. வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால், "அழாதீங்க, விசுவாசத்துல நில்லுங்க" என்று யாராவது உடனே புத்தி சொல்லிவிடுவார்கள் என்ற பயம். "அழாதே" என்று இயேசுவும்தான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு போய்ப் பாடையைத் தொட்டார். பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு என்று எண்ணாகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. தீட்டுக்கு அஞ்சி வழிப்போக்கன் ஒதுங்கி நிற்கிற ஊர்வலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து கையை வைக்கிறார். தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இறந்தவன் எழுவதற்கு முன்பே, சாவின் நடை நின்ற இடம் அது. நெருங்கி வந்து தொடத் துணியாதவர்கள் "அழாதே" என்று சொல்லாமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

"நாயீன்ல பையன் எழுந்துட்டான், எங்க வீட்டுல எழுந்திருக்கலையே" என்று கேட்டால்? கேட்கத்தான் வேண்டும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் அலையில் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர். நம் பக்கத்திலிருந்தும் ஆகஸ்ட் மாதத்தில் காவி உடுத்தி நடந்தே போகிற ஊர் வேளாங்கண்ணி. வேண்டுதலோடு போனவர்கள், நன்றி சொல்லப் போனவர்கள், பிள்ளைக்கு மொட்டை போடப் போனவர்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அற்புதமாகச் சொல்கிறவர்கள் உண்டு. கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

அங்கே ஆண்டவரின் இரக்கத்தை நான் பார்ப்பது, அலை வடிந்த பிறகு வந்த கைகளில். பெயர் தெரியாத, மதம் தெரியாத உடல்களை மணலிலிருந்தும் முள்செடிகளிலிருந்தும் எடுத்துத் துணி போர்த்தி அடக்கம் செய்தவர்களின் கைகளில். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடையாளம் தெரியாமல் அடக்கமானவர்களின் நினைவிடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று பிரார்த்திக்கிறார்கள்.

இயேசு தம் தாயின் துக்கத்தையும் விலக்கிவிடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க மகன் சிலுவையில் சாகிறான். மூச்சுத் திணறுகிற அந்த நேரத்திலும் அவருக்கு அவளைப் பற்றிய கவலை. தாம் நேசித்த சீஷனிடம் அவளை ஒப்படைக்கிறார். அந்த நேரமுதல் அவன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் எழுதுகிறான். நாயீன் தாய்க்கு மகனே திரும்பக் கிடைத்தான். இவளுக்குக் கிடைத்தது, முதலில் ஒரு வீடு, பக்கத்தில் இருக்க ஒருவன். இரண்டும் ஒரே மனதுருக்கத்திலிருந்து வந்தவைதான். உயிர்த்தெழுதல் மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவரைக்கும் அவள் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நமக்கும் அந்த நாள் உண்டு என்று விசுவாசிக்கிறோம். இடைப்பட்ட நாட்களைத்தான் கடக்க முடியவில்லை.

வேப்பம்பட்டு மாதிரி ஊர்களில் அந்த நாட்கள் கொடியவை. பதினாறு முடிந்ததும் உறவினர்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஷிப்ட், இன்னொரு வீட்டுக்கு ரயில், பாதிக் கதவுகள் பகலெல்லாம் பூட்டு. சபையில் இருந்தும் முதல் வாரம் வந்த கூட்டம் அப்புறம் வருவதில்லை. அந்த அம்மாவின் எதிர்வீட்டுக்காரர் இயேசுவைக் கும்பிடுகிறவர் அல்ல. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, விளக்கு எரிகிறதைப் பார்த்து இரண்டு டம்ளரில் டீயோடு வந்து படியில் உட்கார்ந்துகொள்கிறாராம். பெரிதாக எதுவும் பேசுவதில்லையாம். "அந்த அக்கா வந்தா அன்னைக்குப் பொழுது ஓடிருது" என்றார்.

இன்றைக்கு ஜெபம் வராதவர்கள் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். உங்களுக்காக இதை வேறொருவர் சொல்லட்டும்:

ஆண்டவரே, துக்க வீட்டில் விளக்கணைக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களை நீர் பார்க்கிறீர். கேட்கத் தெம்பில்லாதவர்களிடம் நீரே கிட்டப் போவீராக. பதினாறாம் நாளுக்குப் பிறகு எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று எங்களுக்குக் காட்டும். ஆமென்.