சுகருக்கு வந்த மாத்திரை கிட்னியைப் பிடித்துக்கொண்டது

பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சுகர் இருக்கும் ஒருவருக்கு டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் எழுதிக் கொடுக்கிறார். கிட்னிக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுக்கிறார். மூன்று வாரம் கழித்து லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.4இலிருந்து 1.6 ஆகியிருக்கிறது. வீடே பதறுகிறது. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் நாலு சொந்தக்காரர்களுக்குப் போகிறது. அதில் ஒருவராவது ‘முதலில் அதை நிறுத்து’ என்பார். நிறுத்துகிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் கிரியேட்டினின் மறுபடி 1.4. ‘நான் அப்போதே சொன்னேனே’ என்கிறார் சொந்தக்காரர்.

அவர் சொன்னது தவறு. ஏன் தவறு என்று புரிய, சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. வடிகட்டி அதுதான். உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அழுத்தத்தில் ரத்தத்திலிருந்து நீர் வடிகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. நாம் கழிப்பதோ ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி அத்தனையும் வடிகட்டிக்குக் கீழே இருக்கும் நீண்ட நுண்குழாயில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சர்க்கரையும் அப்படித்தான். ஆரோக்கியமான உடம்பில் தினமும் 160 முதல் 180 கிராம் குளுகோஸ் வடிந்து கீழே இறங்குகிறது. ஒரு துளி வீணாகாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதில் பெரும்பகுதி வேலையைச் செய்வது, நுண்குழாயின் தொடக்கத்தில் இருக்கும் எஸ்ஜிஎல்டி-2 என்ற புரதம். அது சர்க்கரையைத் தனியாக உள்ளே இழுப்பதில்லை. சோடியத்தையும், அதாவது உப்பையும், கூடவே இழுக்கிறது. கதையின் முடிச்சு இந்த உப்பில் இருக்கிறது.

சுகர் நோயாளியின் ரத்தத்தில் சர்க்கரை அதிகம். அதனால் வடிவதும் அதிகம், திரும்ப இழுப்பதும் அதிகம். கூடவே உப்பும் தொடக்கத்திலேயே காலியாகிவிடுகிறது. நுண்குழாயின் கீழ்ப்பகுதியில் உப்பின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் செல்கள் சில உண்டு. அவற்றின் நிலைமை, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தலைமடையை இன்னும் திறக்கச் சொல்லும் விவசாயியின் நிலைமை. மேலே தண்ணீர் நிறையத்தான் வருகிறது, வழியிலேயே உறிஞ்சிவிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. உப்பு வரவில்லை, வடிகட்டல் போதவில்லை என்று அந்தச் செல்கள் சைகை அனுப்புகின்றன. வடிகட்டிக்குள் வரும் ரத்தக் குழாய் விரிகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

ஆரம்ப வருடங்களில் இதனால் வடிகட்டும் வேகம் இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். கிரியேட்டினின் 0.7, 0.8 என்று காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து ஆள் நிம்மதியாகிவிடுவார். உள்ளே வடிகட்டிகள் அந்த அழுத்தத்தில் ஒவ்வொன்றாக நைந்துகொண்டிருக்கும். நைந்த இடத்தில் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும்; பிறகு தழும்பு விழும். இரண்டு சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறையப் பாதி போன பிறகே கிரியேட்டினின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறத் தொடங்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எஸ்ஜிஎல்டி-2வை அடைக்கிறது. சர்க்கரை சிறுநீரில் போகிறது, உப்பும் கீழே இறங்குகிறது. கடைமடைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் மேலே குழாய் சுருங்குகிறது, அழுத்தம் தணிகிறது. அழுத்தம் தணிந்தால் வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அந்த 0.2 இப்படி வந்ததுதான். மாத்திரையை நிறுத்தியதும் 1.4க்குத் திரும்பியதே, அது குணம் இல்லை. பழைய அழுத்தம் திரும்பியதன் அறிகுறி. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் இந்த ஆரம்பச் சரிவு அங்கேயே நின்று, பிறகு வருடா வருடம் இழக்கும் திறன் வெகுவாகக் குறைகிறது. வடிகட்டும் வேகம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மட்டும் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், நீர் பிரியும் மாத்திரை கூடுதலாகப் போயிருக்கலாம், வலி மாத்திரை சேர்ந்திருக்கலாம்.

இந்த மருந்தைச் சிறுநீரகத்துக்காக யாரும் தேடவில்லை. ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருள் 1835இல் பிரிக்கப்பட்டது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் என்று அதே நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் குடலில் சரியாக ஏறாது, வயிற்றைக் கலக்கும். பிறவியிலேயே எஸ்ஜிஎல்டி-2 சரியாக வேலை செய்யாத குடும்பங்களும் உண்டு. வாழ்நாள் முழுதும் அவர்கள் சிறுநீரில் சர்க்கரை போகும். பெரிய கெடுதல் எதுவும் வருவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருந்து நிறுவனங்கள் சுகருக்கு ஒரு மாத்திரை செய்தன. கானாகிளிஃப்ளோசினுக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. சர்க்கரையைக் குறைப்பதில் அது நடுத்தர ரகம்தான்.

திருப்பம் வந்தது ஒரு கெடுபிடியால். ரோசிகிளிட்டசோன் என்ற சுகர் மருந்து இதயத்துக்குக் கெடுதலோ என்று சர்ச்சை கிளம்பியதும், புதிய சுகர் மருந்து எதுவானாலும் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. அதற்காக நடந்த ஆய்வின் முடிவு 2015இல் ஸ்டாக்ஹோமில் வாசிக்கப்பட்டபோது, எம்பாகிளிஃப்ளோசின் பாதுகாப்பானது என்பதோடு இதயநோய் மரணத்தை 38 சதவீதம் குறைத்தும் இருந்தது. சிறுநீரகத்தின் சரிவும் தணிந்திருந்தது. பிறகு சிறுநீரகத்தையே குறிவைத்து ஆய்வுகள் வந்தன. 2019இல் கானாகிளிஃப்ளோசின், 4,401 பேர்: சிறுநீரகம் மோசமாவது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றின் ஆபத்து 30 சதவீதம் குறைவு. 2020இல் டாபாகிளிஃப்ளோசின், 4,304 பேர்: 39 சதவீதம் குறைவு. இரண்டையும் பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆய்வில் மூன்றில் ஒருவருக்குச் சுகரே கிடையாது; பலன் அவர்களுக்கும் கிடைத்தது. சுகர் மாத்திரை சிறுநீரக மாத்திரை ஆனது அங்கேதான். 6,609 பேரை வைத்து எம்பாகிளிஃப்ளோசினில் நடந்த அடுத்த ஆய்வு, இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் தீர்த்தது.

இதன் மதிப்பு தெரிய, முன்பிருந்த வறட்சியைப் பார்க்க வேண்டும். லோசார்ட்டான், இர்பெசார்ட்டான் மாத்திரைகள் சுகர்காரர்களின் சிறுநீரகத்தைக் காக்கும் என்று நிரூபணமானது 2001இல். அதன் பிறகு பதினெட்டு வருடம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அலிஸ்கிரென், பார்டாக்சலோன் என்று நம்பிக்கையோடு வந்தவை பாதி வழியில் ஆபத்து தெரிந்து நிறுத்தப்பட்டன. இப்போது ஐந்தாறு வருடத்துக்குள் மூன்று வாசல் திறந்துவிட்டது. ஃபினரனோன் என்ற மாத்திரையின் ஆய்வு முடிவு 2020இல் வந்தது. வாரம் ஒரு ஊசியாகப் போடும் செமாகுளுடைட் அதே வகை ஆபத்தில் 2024இல் 24 சதவீதக் குறைவைக் காட்டியது. ஃபினரனோனையும் எம்பாகிளிஃப்ளோசினையும் ஒன்றாகத் தொடங்கினால் சிறுநீரில் ஆல்புமின் பாதிக்குப் பாதி குறைகிறது என்று 2025இல் ஒரு ஆய்வு சொன்னது. பாஸ்டனில் 2024 மார்ச்சில் ஒரு மனிதருக்குப் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தியது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. இந்த மாத்திரைகள் ஆகவில்லை. எத்தனை பேரை டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து விலக்கி வைக்கும் என்று கணக்குப் பார்த்தால், செய்தி மாத்திரையில்தான் இருக்கிறது.

விலையும் இறங்கிவிட்டது. டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. அறுபது ரூபாய் வாக்கில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை பல கம்பெனிகளில் பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கத் தொடங்கியது. ஆகவே இன்றைய தடை பணம் மட்டுமில்லை, நோயை நேரத்தில் கண்டுபிடிக்காததும்தான். சுகர்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சலிப்பதில்லை. சிறுநீரைக் கொடுப்பவர்கள் குறைவு. ‘நீரில் உப்பு போகிறதா’ என்று கிராமத்தில் கேட்பார்களே, அந்த உப்பு என்பது ஆல்புமின்தான். ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று கேட்டு, காலை முதல் சிறுநீரில் பார்த்தால் போதும். 30க்கு மேல் இருந்து, மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், கிரியேட்டினின் 0.8 என்று சிரித்துக்கொண்டிருந்தாலும் வடிகட்டி கசிகிறது என்று பொருள். மாத்திரைக்கு அதிகப் பலன் கிடைக்கும் காலம் அது. நம்மில் பெரும்பாலோர் அப்போது நெஃப்ராலஜி டாக்டரின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டோம்.

எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். சுத்தமும் உடனே சொல்வதும் முக்கியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால், ஆபரேஷன் இருந்தால், டாக்டரிடம் சொல்லித் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே அமிலம் ஏறிவிடும் ஆபத்து இதில் உண்டு. குளுகோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. டைப்-1 சுகர் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இதுவரை சொன்னது வடிகட்டியில் தொடங்கும் நோய்க்கு. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை வயல்களில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் சிறுநீரக நோய் அப்படிப்பட்டதில்லை. சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை, நுண்குழாய்களைச் சுற்றித்தான் தழும்பு. ஆல்புமின் கசிவு மிகக் குறைவு என்பதால் மேலே சொன்ன சோதனையிலும் பிடிபடாது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடமும் காரணம் தெரியாத இதே மாதிரி நோயை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வெப்பமும் நீர் வற்றுதலும் ஒரு காரணம் என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது. உடம்பிலிருந்து மேலும் நீரை இறக்கும் மாத்திரையை வெயிலில் நிற்பவருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கத்தான் வேண்டும். நிகராகுவாவின் சிச்சிகல்பா பகுதியில், சான் அந்தோனியோ சர்க்கரை ஆலையின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாய ஓய்வும் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஓய்வு நேரத்தைக் கூட்டியபோது, அறுவடைக் காலத்தில் வரும் சிறுநீரகக் காயம் குறைந்தது.