முத்தும் அதன் சூத்திரங்களும்

மன்னார்க் கடலின் பார்களில் விளைந்த முத்தை மதிப்பதற்கு, அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புச் சலாபம் கூடிய காலங்களில் வியாபாரிகள் கையாண்ட கணக்கொன்று உண்டு. துளையிட்ட பித்தளைப் பெட்டிகளிற் சலித்துப் பருமன் வாரியாகப் பிரித்த முத்துக்களை மஞ்சாடி என்னும் எடை கொண்டு நிறுத்து, அந்நிறையின் வர்க்கத்தில் முக்காற்பங்கை முத்தின் தொகையால் வகுத்தால் வருவது செவ்வு. விலை பேசப்பட்டது அதன்மேலேயே. இதன்படி, தலைக்கு ஒரு மஞ்சாடியுள்ள 2 முத்துக்கள் சேர்ந்து ஒன்றரைச் செவ்வாக, 2 மஞ்சாடியுள்ள ஒற்றை முத்தோ 3 செவ்வாகிறது. நிறை ஒன்றே; ஒன்றாய்த் திரண்டதற்கு மதிப்பு இரட்டிப்பு.

இரசாயன சாஸ்திரம் அதே முத்துக்கு வேறொரு சூத்திரம் எழுதுகிறது: கல்சியம் அணு ஒன்றுக்குக் காபன் ஒன்று, ஒட்சிசன் மூன்று, நிறையளவில் 100 பங்குக்கு 40, 12, 48. சிறிதளவு சேதனப் பொருளும் நீரும் நீங்கலாக முத்தென்பது இவ்வளவே. அபிஷேகத்துக்கு ஏந்தும் சங்குக்கும், கரையோரப் பவளப் பாறைக்கும் இதே சூத்திரந்தான். வினாகிரித் துளி பட்டால் எல்லாம் ஒரேவிதமாய் நுரைத்து ஒரே வாயுவை விடுகின்றன.

மண்ணும் மண்பாண்டமும் பற்றிய சாந்தோக்கிய உபநிஷத்தின் உபதேசத்தைப் பற்றுக்கோடாகக் கொண்ட மாயாவாதி, முத்தென்றும் பாறையென்றும் பேசுவது நாமரூப பேதமே, சூத்திரம் கூறும் பொருளொன்றே சத்தியம் என்பான். எனக்கு அது உடன்பாடன்று. அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அச்சூத்திரம் அவை அடுக்கப்பட்ட முறையைச் சொல்வதில்லை. முத்தில் அரகனைற்றுத் தகடுகள் மெல்லிய படைகளாய் ஒன்றன்மேலொன்று படிந்திருப்பதனாலேயே, உட்புகுந்த ஒளி படைதோறும் மீண்டு அந்த நீரோட்டத்தைக் காட்டுகிறது. இல்லாத பேதம் ஒளியைத் திருப்பமாட்டாது. சூத்திரம் தரும் இவ்வறிவைச் சைவ சித்தாந்தி பாச ஞானம் என்பான். பொய்யென்று தள்ளாமல், கருவிகளால் அறியப்படுவதாதலின் எல்லையுடையதென்று அதன் இடத்தில் வைப்பான்.

மூச்சடக்கி மூழ்கிய குளிகாரனின் உயிரச்சத்துக்கு இவ்விரு சூத்திரங்களிலும் இடமில்லை. கடல்கட்டி என்பவன் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டினாலன்றி குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கமே அவனுக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரமும் அட்சரக் கட்டுடைய சூத்திரமே. ஆயினும் சுறாவைப் பற்றிய கூற்றாக அதனைப் பரீட்சித்துப் பொய்யென்போர், கயிற்றைப் பற்றிக் கல்லோடு கீழிறங்கும் ஒருவன் தன் உயிரை இறைவனிடம் ஒப்படைக்கும் செயலை, கணக்கென்று எண்ணிச் சரிபார்க்கின்றனர்.