செங்கல்லில் நம் பங்கு

இல்லறத்தார் வீடு கட்டாதிருத்தல் அரிது. அதனால் எழும் இம்சையை முற்றும் விலக்கலும் இயலாது, குறைத்தல் இயலும். மண்ணும் ஓரறிவுயிர் என்று கற்ற நாம் இதனை எண்ணிப் பார்த்தோமா?

கோவைக்கு வடமேற்கே உள்ள தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகளுக்காகச் செம்மண் ஆழமாக வெட்டப்பட்டது. யானைகள் நடமாடும் மலையடிவாரம் பெரும் பள்ளங்களாயிற்று. 2021ஆம் ஆண்டில் அங்கு 186 சூளைகள் மூடப்பட்டன.

"வெட்டியவர் நாமல்லவே" என்று ஒதுங்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் அறநூற் கொள்கை. விலைகொடுத்து வாங்கியவர் செய்வித்தவரே. நான் வாழும் வீடும் தடாகத்துச் செங்கல்லால் ஆனதே. ஆதலின் இதனை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இனிக் கட்டுவோர்க்கு வழி உண்டு. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில், செங்கற்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். மண் ஏற்றதாயின், அடித்தளத்திற்குத் தோண்டிய மண்ணுடன் சிறிது சிமெண்டு கலந்து, எந்திரத்தால் அழுத்திச் சுடாத கற்களும் செய்யலாம்.

யாவற்றினும் எளியது, தேவைக்கு மேல் ஓர் அறையும் கட்டாதிருத்தல். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை வீட்டின் வரைபடத்திலேயே தொடங்குவோமாக.