சிரிப்பின் ஆயுள்

2012-ஆம் ஆண்டில் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தோன்றி, தமிழ்க் குரலும் பெற்று, காரைக்காலின் கடற்கரைத் தெருக்கள் வரை வந்து சேர்ந்த 'மோட்டு பட்லு' என்னும் சித்திரத் தொடரில் பழைய ஹாஸ்யம் வற்றிவிட்டது என்று, அதைப் பார்த்தே வளர்ந்து இன்று கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகள் விசனப்படலாம். 1989 முதல் நடந்துவரும் அமெரிக்கத் தொடரான 'தி சிம்ப்சன்ஸ்' மீது அதன் ரசிகர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறையும் இதுவே. ஆனால், சமோசாவைக் கண்டால் தொடரின் நாயகன் மோட்டு மதிமயங்குவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சித்திரத்தில் பிறந்தவனுக்கு வயது ஏறவில்லை, பார்த்தவனுக்கு ஏறிவிட்டது. (ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த விசாரமெல்லாம் இல்லை, அது இன்றும் உருண்டு புரண்டு சிரிக்கிறது.)

ஆயினும், பழி முழுவதையும் பார்ப்பவன் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனிப் பௌர்ணமியில் பிக்ஷாடனர் வீதியுலா வருகையில் மாங்கனி இறைக்கும் நம் ஊரார், காரைக்கால் அம்மையாராகிய புனிதவதியாரின் அதே சரித்திரத்தை ஆண்டுதோறும் கேட்டும் அலுப்பதில்லை; பக்தி, தெரிந்ததையே மீண்டும் நாடுவது. ஹாஸ்யமோ எதிர்பாராததில் ஜனிப்பது. அடுத்து வருவது இன்னதென்று புலப்பட்ட கணமே அதன் பிராணன் போய்விடுகிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் இந்த ரகசியத்தை அறிந்தவன்: பாரதக் கதையின் போக்கைக் கலைக்காமல், தன் பரிகாசத்தை மட்டும் அந்தந்த ஊருக்கும் சபைக்கும் ஏற்பப் புதுப்பித்துக்கொள்கிறான். மோட்டுவுக்குக் கதை எழுதுவோர் ஓர் இரவேனும் கூத்து மேடையின் அருகே அமர்ந்து பார்க்க வேண்டும்.