எதிர்நோக்கின் இரண்டு மணி நேரம்

எதிர்நோக்கு என்பது நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்புதானா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானரின் வாழ்வு வேறு விடை தருகிறது. 1941இல் தந்தையைப் பறித்த லூபஸ் நோய், ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பின் அவரையும் பற்றியது. அன்னையின் பண்ணையில் ஊன்றுகோல்களுடன் நடந்தார், மயில்கள் வளர்த்தார், காலைதோறும் இரண்டு மணி நேரம் எழுத அமர்ந்தார். சொல் சுரக்காத நாளிலும் அந்நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1964இல், 39ஆம் வயதில் மறைந்தார். நோய் தீரவில்லை, இரண்டு நாவல்களும் முப்பதுக்கு மேற்பட்ட சிறுகதைகளும் நிலைத்தன.

அன்பர்களே, அருள் வரும் வேளை நம் கையில் இல்லை. அவ்வேளையில் மேசையருகே இருப்பது நம் கையில் உள்ளது. துன்பம் நீங்கிய பின் தொடங்குவோம் என்று காத்திருப்பது எதிர்நோக்கு அன்று. முடிவறியாமலே இன்றைய சிறுபணியை முழு மனத்துடன் செய்வதே எதிர்நோக்கு.